ஒருவரும் சாகாத பேய்ப்படம்

அத்தான் எடுத்த பேய்ப்படத்தில் கடைசிவரை ஒருவரும் சாகவில்லை. எமன் வருவான், கதவைத் தட்டுவான், நாற்காலியில் உட்காருவான், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். ஆனால் ஓர் உயிரும் போகாது. அந்தக் கதையை எழுதியவள் நான். என் கதையில் ஆறு சாவு இருந்தது. ஆறையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு பொங்கல் மத்தியானம் டவுன் கேபிள் டிவியில் போட்டார்கள். விடுமுறை முடிந்து அலுவலகம் போனதும் பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள்: "ஏம்மா, அந்த நெட்ட ஆளு யாரு? அந்த வீட்டுக்கு ஓயாம வாராரு, ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லலயே?" அவள் கேட்டது எமனைப் பற்றி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பெயர் சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கேஸட்டின் கடைசியில் அந்தப் பெயர் மின்னி மின்னி மறையும். தேரடிப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடை மாடியில் வீடியோ கடை வைத்திருந்தார். தாமரைப் பூ விரியும், அதற்குள் மாப்பிள்ளை முகம் வரும். அன்னப்பறவை நீந்தும், அதன் முதுகில் பெண் உட்கார்ந்திருப்பாள். அந்த மாதிரி வேலைகளில் அவருக்கு ஈடு அந்தப் பக்கத்தில் கிடையாது. இப்போது அவர் இறந்து சில வருஷங்களாகின்றன. இந்த வாக்கியத்தைப் படித்திருந்தால், அடித்துவிட்டு "வெளிய போயிருக்காரு" என்று மாற்றி எழுதச் சொல்லியிருப்பார்.

மிகையாகச் சொல்லவில்லை. சாவு என்ற சொல்லே அவர் வாயில் வராது. கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் செத்துப்போச்சு என்பார்கள். அத்தான், "பேட்டரி அசந்துட்டு" என்பார். தெருவில் யாராவது இறந்துபோனால், "அவுக வீட்டு வாசல்ல ஆள் நிறைய நிக்காங்க" என்பார். மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கரப்பான்பூச்சியைப் பழைய காலண்டர் அட்டையில் ஏந்திக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவார். அவர் கதவைச் சாத்துவதற்குள் அது சமையலறைக்குத் திரும்பியிருக்கும். அக்கா விளக்குமாற்றை எடுத்தால், "அது பாட்டுக்குப் போகட்டும், உன்னைய என்ன செய்யுது?" என்று குறுக்கே நிற்பார். இதையெல்லாம் நல்ல மனசு என்று ஊரில் சொன்னார்கள். ஊரில் சொல்வதற்கென்ன, அவர்கள் வீட்டிலா கரப்பான்பூச்சி ஓடிற்று?

இப்படிப்பட்ட மனிதரைத் துட்டி வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். சாவு நடந்த வீட்டை எங்கள் ஊரில் துட்டி வீடு என்போம். அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை துபாயிலோ சவுதியிலோ இருந்தான். அப்பா இறந்தால் அவனுக்கு லீவு கிடைக்காது. குளிப்பாட்டுவதிலிருந்து பாடை தூக்குவதுவரை கேஸட்டில் எடுத்து அனுப்பினால்தான் அந்தப் பிள்ளை மனசு கொஞ்சமாவது ஆறும். அத்தானுக்கு முடியாது என்று சொல்லவும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

போய் என்ன செய்வார் என்பதை ஒருநாள் கடையில் இருந்தபோது தெரிந்துகொண்டேன். லீவில் வந்திருந்த ஒருவர் கையில் கேஸட்டோடு படியேறி வந்தார். முக்கூடல் பக்கத்து ஆள். முகத்தில் அத்தனை கடுப்பு.

"அண்ணாச்சி, எங்க அய்யா போனத எடுத்து அனுப்பச் சொன்னேன். நீங்க என்னத்த அனுப்பியிருக்கிய?"

"அதத்தான தம்பி அனுப்பினேன்."

"எதுல அண்ணாச்சி போறாக? முதல்ல ஒரு வேப்பமரம் வருது. பெறகு செருப்பா வருது, ஒரு நாப்பது சோடி இருக்கும். பெறகு ஒரு காக்கா. அது முடிஞ்சு பாத்தா, எங்கய்யா பந்தியில உக்காந்து பாயாசம் குடிக்காக!"

"அது உங்க தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது. நான்தான் எடுத்தேன். தேடிக் கண்டுபிடிச்சுச் சேத்தேன்."

"என்கூட ரூம்ல இருக்கிற பயலுவ எல்லாரும் பாத்துட்டு, 'ஏலே, உங்கய்யா பொழச்சுக்கிட்டாகளா'ன்னு கேக்கானுவ. நான் என்ன பதில் சொல்ல?"

துட்டி வீட்டில் அத்தான் கேமராவைக் கண்ணில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அதுதான் சங்கதி. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், வேப்பமரமும் செருப்பும் விழுந்தது அப்படித்தான். நானாக இருந்தால் ஒரு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அத்தான் ஆர்வமாக முன்னால் சாய்ந்து, "ரெண்டாம் தடவையும் பாயாசம் வாங்குனாகல்லா, அதப் பாத்தியளா?" என்று கேட்டார். அந்த மனிதர், திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த கேஸட்டைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பேய்ப்படம் எடுக்கிற ஆசை அத்தானுக்குத் தானாக வரவில்லை. கேபிள்காரர் வந்து, பொங்கலுக்கு நம்ம ஊர்க்காரர்களே நடித்த படம் ஒன்று போட வேண்டும், சிரிப்புப் படம் போன வருஷம் போட்டாயிற்று, இந்த முறை பேய்ப்படம் வேண்டும் என்று கேட்டார். அத்தான் வழக்கம்போல் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் வந்தார். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். பத்திரிகைகளில் இரண்டு மூன்று கதை வந்திருந்தது. தலைகால் புரியாமல் சம்மதித்தேன்.

கதை இதுதான். ஆற்றங்கரை ஊரில் ஒரு பெரிய வீடு, ஆறு பேர் உள்ள குடும்பம். அந்த வீட்டுக் கல்யாண கேஸட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் யாரும் அழைக்காத ஒரு நெட்டை மனிதன் நிற்கிறான். கேஸட்டில் யார் பக்கத்தில் அவன் நிற்கிறானோ, அவர் அந்த வாரத்துக்குள் சாகிறார். அவன் எமன். எருமையும் மீசையும் எல்லாம் வேண்டாம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் தேங்காய் போட்ட மஞ்சள் பை, அதாவது சாதாரணக் கல்யாணத்து விருந்தாளி என்று எழுதியிருந்தேன். இப்போது நினைத்தாலும் நல்ல கதை. எழுதிய ராத்திரி நானே விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

எமனாக நடித்தவர் அத்தானோடு பள்ளிக்கூடத்தில் படித்த சாகுல் அண்ணன். ஆறடிக்கு மேல் உயரம். சவுதியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து மேலப்பாளையத்தில் கடை வைத்திருந்தார். மற்ற வேஷங்களுக்கெல்லாம் குடும்பத்து ஆட்கள்தான். அத்தானின் அப்பாவை நான் மாமா என்பேன். அவர்தான் வீட்டுப் பெரியவர். அத்தானின் தம்பி இளைய மகன். அக்கா மருமகள். முக்கூடலில் அத்தானின் பூர்வீக வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராப் பெட்டியும் விளக்குமாக பஸ் ஏறுவோம், சாயங்காலம் திரும்புவோம்.

முதல் சாவு மாமாவுடையது. அவருக்கு எழுபது வயது, தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சாக வேண்டும் என்றதும் அவருக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஒரு வாரம் வீட்டில் விழுந்து விழுந்து பழகினார். ஆற்றில் முங்கிக் குளித்தே வளர்ந்த உடம்பு. மூச்சைப் பிடித்தால் நாற்பது எண்ணும்வரை நெஞ்சு அசையாது. அன்று சாய்வு நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் விழுந்து, கண் நிலைகுத்திக் கிடந்தார். நான் பதினைந்து எண்ணுவதற்குள் அத்தான் கேமராவை நிறுத்திவிட்டார்.

"அய்யா, எந்திரிங்க. காப்பி ஆறுது."

மாமா படுத்தவாக்கிலேயே கத்தினார். "ஏலே, கூறுகெட்ட பயல! நல்லாச் செத்துக்கிட்டு இருந்தேன், கெடுத்துட்டியே!"

அத்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏ பிள்ள, இந்த இடத்துல ஒரு டாக்டர் வந்துட்டா என்ன?" என்று கேட்டார். டாக்டர் வந்தார். மாமா பிழைத்துக்கொண்டார். சரி, ஒரு சாவுதானே போயிற்று, இன்னும் ஐந்து இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்தது தம்பி ஆற்றில் முங்கிச் சாக வேண்டும். படித்துறையில் தம்பி முங்கினான். அந்த நேரம் பார்த்து ஒருவர் எருமையைக் குளிப்பாட்ட ஓட்டிக்கொண்டு வந்தார். அத்தான் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி, எருமை வாலைப் பிடித்துக்கொண்டு தம்பி கரையேறுவதாக எடுத்துவிட்டார். எமனுக்கு எருமை வேண்டாம் என்று நான் எழுதியதற்கு இப்படிப் பலன் கிடைத்தது.

"அத்தான், இது பேய்ப்படமா ஆஸ்பத்திரிப் படமா? சொல்லிருங்க."

"பயம் வந்தாப் போதும்லா பிள்ள. எதுக்கு ஆளையும் வெளிய அனுப்பணும்?"

"சாகலைன்னா எதுக்கு அத்தான் பயப்படணும்?"

சாகுல் அண்ணனுக்கும் பொறுமை போய்விட்டது. "வே, எனக்கு இங்கன என்ன வேலன்னு சொல்லும். அஞ்சு வாரமா தேங்காப் பையத் தூக்கிக்கிட்டு நிக்கேன். ஒரு உசுரு கையில அம்பிடல. நாளைக்கு என்னைய எவன் எமன்னு மதிப்பான்?"

அத்தான் சிரித்துக்கொண்டே அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு திங்களும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் நான் புதுப் பக்கம் டைப் அடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது பிழைத்தார்கள்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அக்கா விஷயத்தை அப்படிச் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. அது இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. கல்யாணமான புதிதில் ஒன்றும் தெரியவில்லை. வருஷம் ஆக ஆக இளைப்பு வந்தது. அவள் அறைக்குள் வந்தாலே மூச்சு முதலில் கேட்கும். மெல்லிய சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். கடை மாடிக்கு ஏறுவதை நிறுத்தினாள். பிறகு தண்ணீர்க் குடம் தூக்குவதை நிறுத்தினாள். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. பாளையங்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, மருந்தில் தீருகிற கட்டம் தாண்டிவிட்டது, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அத்தான் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கேஸட் அலமாரிக்குள் வைத்தார். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது.

நான் கத்தியதில் ஒருவழியாக இருவரும் மதுரைக்குப் போனார்கள். மறுநாளே திரும்பி வந்தார்கள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அக்கா தலையில் மதுரை மல்லிகை.

"டாக்டரே பெறகு வாங்கன்னுட்டாரு பிள்ள. ஒண்ணும் அவசரமில்லயாம்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைக்குப் போனதும் அவளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஓர் அச்சடித்த தாளில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அதில், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அதற்கு ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி இருக்கிறது. அத்தான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "டாக்டர், இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுட்டுத் தாங்க, போட்டுருதேன்" என்று கேட்டிருக்கிறார். எல்லாத் தாளிலும் அந்த வரி உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "வேற மாதிரித் தாள் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார் அத்தான். வெளியே ஆட்கள் வரிசையில் காத்திருக்க, டாக்டர் தாளைப் பிடுங்கி வைத்துவிட்டு, மனசு தேறின பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இதைத்தான் அத்தான் எனக்கு வேறு மாதிரி வெட்டி ஒட்டிச் சொல்லியிருந்தார்.

நேரே கடைக்குப் போனேன்.

"அத்தான், இது படம் இல்ல. கடைசி நேரத்துல ஒரு டாக்டரக் கொண்டாந்து நிறுத்திட முடியாது. நெச டாக்டர் மதுரையில இருக்காரு. அவர வேண்டாம்னுட்டு வந்திருக்கிய."

"நேத்துப் பரவால்ல பிள்ள. கருப்பட்டிக் காப்பி ரெண்டு தம்ளர் குடிச்சா."

"கருப்பட்டிக் காப்பிக்கும் வால்வுக்கும் என்ன அத்தான் சம்பந்தம்? அக்கா செத்துப்போயிருவா. கேக்குதா உங்களுக்கு? செத்துப்போயிருவா."

அவர் எழுந்து டெக்கில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ கல்யாணத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். எறும்பை மிதிக்காதவர், இளகிய மனசுக்காரர் என்று ஊரெல்லாம் சொல்கிற மனிதர், என் அக்காவைப் பார்க்காமல் பார்க்காமலே கொன்றுவிடுவார் என்று நினைத்தேன். அக்காவிடம், நாம் இருவரும் போய்விடுவோம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. "நான் தேறாமப் போயிட்டா, சொல்லாமப் போயிட்டாளேன்னு அவுக காலம்பூரா கெடந்து தவிப்பாக. அவுக போட்டாத்தான் போவேன்" என்றாள். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் முக்கூடலுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். கதைப்படி மருமகள் சாக வேண்டிய காட்சியை அத்தான் வாராவாரம் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அன்று போனதும் அக்கா, "இன்னைக்கு என்னைய எடுங்க" என்றாள்.

"அது பெறகு பாத்துக்கிடலாம். வெளிச்சம் பத்தாது."

"நடு மத்தியானம். எதுக்கு வெளிச்சம் பத்தாது? ஒருத்தியாவது சாகுதேன். இவ எத்தனை வாரமா டைப் அடிக்கா, பாவமா இல்லயா உங்களுக்கு?"

மாமா குறுக்கே விழுந்தார். சுமங்கலிப் பெண் பிணமாகப் படுக்கக் கூடாது என்றார். அக்கா விடவில்லை. கடைசியில் மாமா நிபந்தனை போட்டார்: கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டக் கூடாது, நெற்றியில் காசு வைக்கக் கூடாது, எழுந்ததும் வாசலில் தடியங்காய், அதாவது வெண்பூசணி, சுற்றி உடைக்க வேண்டும். தம்பி போய்ச் சாம்பல் பூத்த ஒரு பெரிய தடியங்காயை வாங்கி வந்தான். அக்கா மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, தலைநிறையப் பூவோடு கூடத்தில் படுத்தாள். தலையணை இல்லாமல் அவள் படுத்து எத்தனை மாதமாயிற்று என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. சாகுல் அண்ணன் தலைமாட்டில் போய் நின்றார்.

"மூச்சப் பிடிச்சுக்கோ. இருபது எண்ணுதேன், போதும்" என்றேன். அத்தான் கேமராவில் கண்ணை வைத்தார்.

ஏழு எண்ணும்போது அக்காவின் நெஞ்சு தூக்கிப்போட்டது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

"இன்னொருக்கா" என்றாள். இந்த முறை ஆறில் இருமல் வந்தது. எழுந்து உட்கார்ந்து இருமி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, பூ நசுங்காமல் மறுபடியும் படுத்தாள். மாமா என்னைப் பார்த்தார். எழுபது வயதில் அவர் நாற்பது எண்ணும்வரை கிடந்த அதே இடம் அது. மூன்றாம் முறை நான் எண்ணத் தொடங்கினேன். நாலில் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. நான் எண்ணுவதை நிறுத்தினேன். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கமாக அத்தான் இந்த இடத்தில் கண்ணை மூடியிருப்பார், கேமரா உத்தரத்துக்கோ ஜன்னலுக்கோ போயிருக்கும். அன்று அது அசையவே இல்லை. விரல் மட்டும் ஜூம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கேஸட்டை நான் பார்த்தேன். அக்காவின் கழுத்து மட்டும் திரை முழுக்க இருக்கிறது. கழுத்து நரம்பு துடிக்கிற துடிப்பும், தொண்டைக் குழி பள்ளம் விழுந்து விழுந்து எழுவதும், உதட்டின் நீலமும் தெரிகிறது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் அதையே பிடித்திருக்கிறார்.

அவர் கேமராவை இறக்கியபோது கண்ணைச் சுற்றி அந்த ரப்பர் வளையத்தின் தடம் பதிந்திருந்தது.

"நாளைக்கு மதுரைக்குப் போவோம்" என்றார்.

போனோம். நானும் கூடவே போனேன், இந்த முறை நம்பத் தயாராக இல்லை. அதே தாள், அதே வரி. அத்தான் என்னிடம் நீட்டி, "நீ வாசி" என்றார். உயிருக்கு ஆபத்து என்கிற வரியை நான் வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அது அவர் பெயர் மாதிரியே இல்லை. டாக்டர் என்னிடம் தனியாக, இன்னும் சில மாதம் போயிருந்தால் திறப்பதே வீண் என்றார். அதைக் கேட்டதும் அத்தான் மேல் வந்த கோபத்தில் நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆபரேஷன் நடந்த அத்தனை நேரமும் அவர் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

அக்கா பிழைத்தாள். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாதம் கடை மாடிக்கு ஏறி, மேலே நின்று, "இம்புட்டுத்தானா படி?" என்று கேட்டாள்.

இதற்குள் மார்கழி பாதி போய்விட்டது. கேபிள்காரர் வந்து கழுத்தில் துண்டைப் போட்டார். படத்தில் ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பேய்ப்படம் என்று விளம்பரம் வேறு ஓட்டியாயிற்று. நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஒரே ஒரு சாவு அத்தான். ஒண்ணு. அது இல்லன்னா என் பேரப் போடக் கூடாது."

அத்தான் யோசித்தார். "சரி, நான் படுக்கேன்" என்றார். அந்தக் கல்யாண கேஸட்டை எடுத்த வீடியோக்காரன் கடைசியில் சாவதாக முடிவு. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் இருக்கும்போது இவன் எதுக்கு? எனக்கு நாப்பது வரைக்கும் வரும்லா?" என்று தொணதொணத்தார். அவரைச் சமாதானம் செய்து, கடைசியாக ஒரு ஞாயிறு முக்கூடலுக்குப் போனோம்.

கூடத்தில் அத்தான் படுத்தார். நெற்றி நிறைய விபூதி பூசி, தாடையைச் சேர்த்துத் தலையில் வெள்ளைத் துணியால் நாடிக்கட்டு கட்டினார் மாமா. இந்த முறை கேமரா அக்கா கையில். வேறு யாருக்கும் அதை இயக்கத் தெரியாது. அவளுக்கு அவர் புதிதாகக் கல்யாணமானபோதே சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா கண்ணை வைத்து, கொஞ்சங்கூட அசையாமல் நின்றாள். அவள் ஒருத்திக்குத்தான் அங்கே பயமில்லை.

"பிடிங்க மூச்ச" என்றாள். நான் எண்ணினேன்.

பத்து வந்தது. அத்தான் அசையவில்லை. பதினைந்து வந்தது. அடேயப்பா, என் கதையில் ஒருவர் சாகப்போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வீட்டில் சின்னச் சத்தம் இல்லை. வெளியே ஆற்றுப் பக்கம் துணி துவைக்கிற ஓசைகூட அந்த நேரம் நின்றிருந்தது. பதினெட்டு என்றேன்.

அத்தான் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். நாடிக்கட்டோடு, விபூதியோடு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தான்! இன்னும் ரெண்டு எண்ணுனா முடிஞ்சிருக்கும்!" என்று நான் கத்தினேன். அவர் காதில் அது விழவில்லை.

"எங்க நிக்கா? எங்க நிக்கா அவ?"

"இங்கனதான நிக்கேன்" என்றாள் அக்கா, கேமராவுக்குப் பின்னாலிருந்து. "என்ன செய்யுது உங்களுக்கு?"

"சத்தமே இல்ல." துணி கட்டிய தாடையோடு அவருக்குப் பேச்சு குழறியது. "உன் மூச்சுக் கேக்கல. கண்ண மூடிக் கெடக்கேன், எப்பவும் கேக்கும்லா… ஒண்ணுமே கேக்கல. பயந்துட்டேன்."

சாகுல் அண்ணன் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஆபரேஷனோடு அக்காவின் சீழ்க்கை நின்றுபோயிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருஷம் ஒரே அறையில் அந்தச் சீழ்க்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார் இந்த மனிதர். ஒவ்வொரு மூச்சாக, அடுத்தது வருகிறதா என்று. அவருக்குத் தெரியவில்லை, உறைக்கவில்லை என்று நினைத்துத்தான் நான் அத்தனை சண்டை போட்டேன். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்தக் கடிதத்தை நான்காக மடித்து வைத்திருக்கிறார். அதை நினைக்க அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா கேமராவை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாடிக்கட்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். மாமா இருக்கிறார், மற்றவர்கள் இருக்கிறோம் என்றெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து மூச்சை விட்டாள்.

"கேக்குதா?"

அத்தான் கொஞ்ச நேரம் காது கொடுத்தபடி இருந்தார்.

"கேக்கல" என்றார். "இன்னொருக்கா விடு."